அவியலுக்கு வெட்டத் தெரியாதவன்

மருங்கூர்க் குன்றின் படிகளில் பாதிகூட ஏறியிருக்கமாட்டேன். உட்கார்ந்துவிட்டேன்.

தோளில் என் மகள் நீலா இருந்தாள். பதினோரு மாதம். வண்டி மாடு சற்று அடம்பிடிக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்; குதிகாலால் என் நெஞ்சில் இரண்டு உதை கொடுத்தாள். தலைமயிரைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மாடு எழுந்திருக்கவில்லை.

தைப்பூசக் கூட்டம் எங்களுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து மேலே போயிற்று. கர்ப்பூரப் புகை, வியர்வை, யாரோ மிதித்த பழத்தின் வாசனை. வெயிலில் படிக்கல் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. என் காதுக்குள் யாரோ நெல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ஏறிப் போயிருந்த என் மனைவி பகவதி, பூக்கூடையோடு திரும்பி இறங்கி வந்தாள்.

"இஞ்ச என்ன செய்யுதிய?"

"இருக்கேன்."

"அது தெரியுது."

மார்கழியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் இறங்கவில்லை. பகவதி முருகனிடம் நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் விட்டால் பிள்ளையை அதன் அப்பா தோளில் ஏற்றி மலைக்குக் கொண்டுவருவார் என்று. நேர்ந்தவள் அவள், தோள் என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காய்ச்சல் விட்டபிறகுதான் எனக்கே தெரியும்.

அன்று அவளே பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு ஏறினாள். அது நேர்ச்சையில் சேராது என்று பூசாரி சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

"வைகாசி விசாகத்துக்குள்ள ஒங்க தோளுல ஏத்திக் கொண்டு வரணும். இல்லெங்கி குத்தமாயிரும்."

அன்று முதல் ஒவ்வொரு மாலையும் விளக்கு வைத்ததும் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு என் வயிற்றைப் பார்ப்பாள்.

தோள் யாருடையது

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப்போக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பழகியிருப்பார்கள்.

எங்கள் ஆட்களில் என் சின்ன வயது வரை மருமக்கள்வழி. ஒருவனுடைய நிலமும் வீடும் அவன் பிள்ளைக்கு இல்லை, அவன் சகோதரியின் பிள்ளைக்கு. என் அப்பா எங்கள் வீட்டுக்கு விருந்தாளியைப் போல வருவார். கால் கழுவுவார், சாப்பிடுவார், வெற்றிலை போடுவார், போய்விடுவார். அவர் தோள் அவருடைய மருமகன்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு. நான் ஏறி வளர்ந்தது என் மாமாவின் தோள். அவர் தூக்கும்போதே தொடையில் கிள்ளுவார். அதனால் தோளேறுவதென்றால் வலிக்கும் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

எனக்கு மீசை அரும்பிய வாக்கில் சட்டம் மாறியது. சட்டம் எழுதினவர்கள் நிலத்தைப் பற்றி எழுதினார்கள், வீட்டைப் பற்றி எழுதினார்கள். தோளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஆகவே கொட்டாரம் கடைத்தெருவில் நான் பெண்குழந்தையைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு நடந்தபோது, ஊருக்கு அது என்ன காட்சி என்று விளங்கவில்லை.

"பிள்ளைவாள், வீட்டுல பெம்பிளை சுகமா இருக்காளா?" என்று விசாரித்தார்கள். சுகமாக இருக்கிறாள் என்றேன். "பின்ன எதுக்கு?" என்றார்கள்.

ஜன்னல் வழியே ரசவடை

என் உடம்பு அந்த நிலைக்கு வந்ததற்குத் திருவிதாங்கூரின் அஞ்சல் ஓட்டக்காரர்களுக்கும் எனக்கும் இருந்த வேலைப் பங்கீடே காரணம். அவர்கள் ஓடினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

கொட்டாரத்து அஞ்சல் ஆபீசில் நான் குமாஸ்தா. தக்கலைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தேன். எதிரே சாயாக்கடை. காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் ரசவடை போடுவார்கள். கடிதம் வாங்கிப் போட வைத்திருந்த ஜன்னல் வழியே, தாமரை இலையில், ரசம் சொட்டச் சொட்ட அது உள்ளே வரும். சில கடிதங்கள் மிளகு வாசனையோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

வீட்டிலோ பிள்ளை மிச்சம் வைப்பதெல்லாம் என் பங்கு. அரை மட்டிப்பழம், கால் கிண்ணம் கஞ்சி, மூன்று வாய் புட்டு. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையே என்று நாங்கள் வருந்துவோம். வருந்திக்கொண்டே நான் தின்பேன்.

இரண்டாவது மருந்து

மயிலாடியில் ஒரு வைத்தியர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைவிட இரண்டு மடங்கு கனத்தவர். பூசம் கழிந்த வாரம் போனேன். நாடியைப் பிடித்தபடி கேட்டார்.

"காலம்பற என்ன?"

"புட்டு."

"எத்தன குத்தி?"

"மூணு."

"பொறவு?"

"பிள்ளை மிச்சம் வச்சது."

"அது எத்தன குத்தி?"

"பாத்ததில்ல."

"ஆருகூட இருந்து திங்குதீரு?"

"தனியாத்தான். அவ வெளம்புவா, நான் திம்பேன்."

"பேசமாட்டீரா?"

"என்னத்தப் பேச?"

கையை விட்டார். காகிதம் எடுத்து எழுதினார். காலையில் கஞ்சி, சிறுபயறு, காணம் என்கிற கொள்ளில் துவையல். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி முருங்கைக்கீரையோ வாழைத்தண்டோ. எண்ணெயில் பொரித்தது ஆகாது. சாயங்காலம் நடக்க வேண்டும். எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு, எழுதாத ஒன்றைச் சொன்னார்.

"நல்ல கூட்டாளி ஒருத்தனப் பிடியும்."

"மருந்துக்கா?"

"மருந்துதான் வேய். பேசுகதுக்கு ஆளு உள்ளவனுக்க வாயி, சோத்துக்கு மட்டும் தொறக்காது."

"ஒமக்கு இருக்கா?"

மேசையைத் தொட்டுக்கொண்டிருந்த தன் வயிற்றுக்கு மேலாக வைத்தியர் தெருவைப் பார்த்தார்.

"நான் வைத்தியனாக்கும்" என்றார்.

வீட்டில் காகிதத்தைக் காட்டினேன். "எனக்க புட்டுக்கு என்ன கேடு?" என்று பகவதி கேட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வைத்தியரைவிடக் கடுமையாக மருத்துவத்தைத் தொடங்கினாள். கஞ்சியில் பாத்திரத்தின் அடி தெரிந்தது. அடியில் அவள் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம், அன்றுதான் படித்தேன்.

"ஒங்க கீரையும் தண்டும் நீங்களே வெட்டிக்கிடுங்க. நான் வெட்டினா அதுலயும் கேடு வந்துராம" என்றாள்.

வெட்டினேன். என் தட்டில் இருப்பதுதான் பிள்ளைக்கு வேண்டும். அவளுக்கோ பல் இப்போதுதான். அதனால் பொடிப்பொடியாக வெட்டினேன். வாழைத்தண்டானாலும் சேனையானாலும் என் கைக்கு ஒரே அளவுதான் பழகிற்று. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

ஐந்து நிமிடத்தில் சொந்தக்காரன்

கஞ்சி எளிது. கூட்டாளிதான் கிடைக்கவில்லை.

சின்ன வயதில் கூட்டாளியை யாரும் தேடுவதில்லை. குளத்தில் குதிக்கிறோம், பக்கத்தில் ஒருவன் குதிக்கிறான், அவ்வளவுதான். எனக்கு அப்படிக் குதித்தவன் ஐயம்பெருமாள். அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். இரண்டு கார்டு எழுதினான். பிறகு இல்லை. கொழும்புக் கடிதம் எங்கள் அஞ்சலில் வராது, அதற்குப் பிரிட்டிஷ் தபாலாபீஸ் தனி. அது தெரிந்தும் தினமும் பையைக் கவிழ்த்ததும் அவன் கையெழுத்தைத் தேடுவேன். என் வேலை நேரத்தில் மிக ஒழுங்காகச் செய்த காரியம் அதுவே.

இருபத்தாறு வயதில் குளத்தில் குதித்தால் தண்ணீர்தான் வெளியே போகும்.

சாயாக்கடையில், ரசவடை வாங்காமல், வெறும் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். "எந்த ஊரு? ஆரு வீடு? ஆருக்க மருமகன்?" என்றார். ஐந்து நிமிடத்தில் நான் அவருக்கு மச்சினன் ஆனேன். அடுத்த வாரம் அவர் அத்தைக்குப் பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு. நான் போகவில்லையென்று மனஸ்தாபம். சிநேகம் தொடங்குவதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

வாசகசாலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அருமையான மனிதர். மூன்று மாலைகள் பேசினோம். மேகம் எங்கிருந்து வருகிறது, ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஏன் உப்பு வாசனை இல்லை, இப்படி. நான்காம் நாள் அவர் மனைவி வழியில் நான் அவருக்கு மாமா முறை என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் என்னைக் கண்டால் எழுந்து நின்றார். என் முன்னால் வெற்றிலை போடுவதை நிறுத்தினார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். "வாங்க மாமா" என்றபோது எனக்கு வாசகசாலையைவிட்டு ஓடவேண்டும்போல் இருந்தது. ஓட முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

நாஞ்சில் நாட்டில் சொந்தக்காரன் ஆகாமல் ஒருவனோடு பேச எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், காப்பி ஆறுகிற நேரம் என்று சொல்வேன்.

காய்கறி வெட்டு

மாசி முடிகிற சமயம், அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். முந்தின நாள் வெயில் தாழ்ந்ததும் பெண் வீட்டுப் பந்தலில் காய்கறி வெட்டு. ஊர் ஆண்கள் அவரவர் கத்தியோடு வந்து ஓலைப்பாயில் உட்கார்ந்து நாளைய விருந்துக்கு நறுக்குவார்கள். யார் அந்தப் பந்தலுக்குள் கத்தி பிடிக்கலாம், யார் வெளியே நின்று விறகு பிளக்க வேண்டும் என்பதற்கும் ஒரு அளவு இருந்தது. அதை அன்று யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

காய்களின் அளவோ எல்லாருக்கும் மனப்பாடம். அவியலுக்கு விரல் நீளம், விரல் கனம். சாம்பாருக்குத் துண்டம். எரிசேரிக்குச் சதுரம். துவரன் என்கிற பொரியலுக்குப் பொடி. பூசணியும் வெள்ளரியும் தடியங்காயும் மலைமலையாகக் குவிந்து, மண்ணும் பச்சையும் கலந்து மணத்தன. சேனை பட்டு எல்லாரும் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. கண் கத்தியின் மேல் இருந்ததால் யாரும் யாரையும் முறை கேட்கவில்லை. மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி ஒருவர் சொன்னார், நான் சிரித்தேன். நான் ஒன்று சொன்னேன், இரண்டு பேர் சிரித்தார்கள். அவியலுக்குச் சேனையை என் முன்னால் தள்ளினார்கள். நான் வெட்டினேன், பேசினேன், வெட்டினேன். என் இடப்பக்கம் உள்ளங்கை வெடித்த ஒரு மனிதர் பேசாமல் வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

விருந்துச் சமையல் தலைவரைத் தவசிப்பிள்ளை என்போம். அவர் வந்து என் ஓலைக் கடவப்பெட்டியில் கைவிட்டு ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னதாக்கும்?"

"சேனை."

"சேனை எனக்குத் தெரியும். எதுக்குள்ள சேனை?"

"அவியலுக்கு."

கத்திச் சத்தம் நின்றது.

"ஏலே மக்கா, எல்லாரும் வந்து பாருங்கலே! அவியலுக்கு வெட்டின சேனையாம்! இதப் போட்டு அவியல் வச்சா நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரன் கண்ணாடி வச்சுத் தேடணும்!"

"அஞ்சல்ல ஸ்டாம்பு ஒட்டுக ஆளில்லா? ஸ்டாம்பு அளவுக்கு வெட்டியிருக்காரு" என்று ஒரு குரல். பந்தல் குலுங்கியது. தவசிப்பிள்ளை அடுத்த கடவத்துக்குள் கை விட்டார். வாழைக்காயும் பொடி.

"ஒமக்கென்ன வேய் வந்தது?"

கை வெடித்த மனிதர் நிதானமாக என்னைக் காட்டினார்.

"நான் இவரப் பாத்தாக்கும் வெட்டினேன்."

"ரெண்டு பேரும் கத்தியக் கீழ வையுங்க. போயித் தேங்காய் துருவுங்க. தேங்காய எம்புட்டுப் பொடியாத் துருவினாலும் குத்தமில்ல."

தண்டனை

இரண்டு துருவலைகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். கால் மடக்கி உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். நடுவில் வாழையிலை, பக்கத்தில் உடைத்த தேங்காய்க் குவியல். முகம் பார்க்காமல் இருக்க வழியில்லை.

ஆறு மூடி துருவி முடித்தோம். ஏழாவது மூடியில் கேட்டார்.

"எதுக்கு வேய் அப்பிடி வெட்டினீரு?"

"பெரிசா வெட்டினா எனக்க பிள்ளை திங்காது."

"எத்தன பல்லு?"

"ஆறு. மேல நாலு, கீழ ரெண்டு."

"எனக்க எளையவளுக்கு எட்டு. கடிக்கிகது எல்லாம் என்னையாக்கும்."

விரலை நீட்டினார். உப்பு வெடிப்புகளுக்கு இடையே சின்னஞ்சிறு பல் தடம். உப்பளத்தில் எடை பிடிப்பவர். பெயர் சுயம்பு.

இனி வரும் என்று காத்திருந்தேன். எந்த ஊரு, ஆரு வீடு, ஆருக்க மருமகன். எட்டாவது மூடி, ஒன்பதாவது மூடி.

"பல்லு வரும்போ வயித்தால போச்சா?" என்று கேட்டார்.

"நாலு நாளு."

"பச்சையா, மஞ்சளா?"

"பச்சை."

"அது பல்லுதான். பயப்படாண்டாம்."

இதைவிட அழகான உரையாடல் எதிலும் நான் அதுவரை கலந்துகொண்டதில்லை. பாயிலிருந்து ஒருவன் எங்களைப் பார்த்துக் கத்தினான்: "பிள்ளப்பெத்தவளுவ ரெண்டு பேரு அங்க இருந்து பேசுதாளுவ, கேளுங்கலே!" மறுபடியும் பந்தல் குலுங்கியது. சுயம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூத்தவளுக்கு ரெத்தமாக்கும் போச்சு" என்று சொல்லி அடுத்த மூடியை எடுத்தார்.

மறுநாள் அந்தச் சேனையும் வாழைக்காயும் துவரனாக இலையில் வந்தன. பெண்ணின் மாமா பந்தியில் நடந்தபடி, "எங்க வீட்டுல துவரன் ரெண்டாக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுயம்பு என் பக்கத்து இலை. உப்பில் எத்தனை நிறம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நான் இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை. மன உறுதி ஒன்றுமில்லை, வாங்க மறந்துபோனேன்.

அதன்பிறகு சாயங்காலங்களில் உப்பளச் சாலையில் நடந்தோம். என் தோளில் நீலா, அவர் தோளில் அவருடைய இளையவள். ஒருவன் தோளில் பிள்ளை இருந்தால் ஊர் சிரிக்கும். இரண்டு பேர் தோளில் இருந்தால், இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதுபோலும் என்று நினைத்துக்கொள்ளும்.

முறை கேட்பதில்லை என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சித்திரையில் ஒரு நாள் பகவதி சுயம்புவின் மனைவியைக் கோயிலில் பார்த்துவிட்டு வந்தாள். முகம் நிறைய ஏதோ இருந்தது.

"ஒங்க கூட்டாளி ஒங்களுக்கு என்ன முறைன்னு தெரியுமா?"

"தெரியாண்டாம்."

"சொல்லட்டா?"

"சொல்லாத."

"அவ்வளவு கிட்டத்துச் சொந்தமாக்கும்."

"பகவதி, சொல்லாத."

பூசத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். உடனே விளக்கு வைக்கும் நேரம் வந்தது. பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள்; என் வயிற்றைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

விசாகம்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொடங்கியிருந்தது. குன்றின் மேலிருந்து கர்ப்பூரப் புகை எங்களை நோக்கி இறங்கி வந்தது. பகவதி இந்த முறை முன்னால் போகவில்லை. எனக்கு ஒரு படி பின்னால், என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் சுயம்பு, தோளில் இளையவள். அவருக்கு நேர்ச்சை ஒன்றும் கிடையாது.

பூசத்தன்று உட்கார்ந்த படி அடையாளம் தெரிந்தது. அதைத் தாண்டினேன். இன்னொரு பத்துப் படி. பிறகு காதுக்குள் நெல் குத்த ஆரம்பித்தார்கள். நான்கு மாதக் கஞ்சியும் கீரையும் பத்துப் படிக்குத்தான் வந்தன.

"கொஞ்சம் பிடி" என்று பிள்ளையை இறக்கக் கையைத் தூக்கினேன். பகவதியின் முகம் வெளுத்தது.

"எறக்காதயும் வேய்" என்றார் சுயம்பு. "இரியும். ஆனா எறக்காதயும்."

"இருந்தா நேர்ச்சை செரியாவுமா அண்ணாச்சி?" பகவதி ஒரு படி ஏறி வந்தாள்.

"என்னன்னு நேந்தியம்மா?"

"அவருக்க தோளுல ஏத்திக் கொண்டு வருவாருன்னு."

"எடையில இருக்கமாட்டாருன்னு நேந்தியா?"

அவள் யோசித்தாள். நன்றாக யோசித்தாள்.

"இல்ல."

"பின்ன என்ன?"

நான் உட்கார்ந்தேன். சுயம்புவும் தன் மகளை இறக்காமலே பக்கத்தில் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு இலைப்பொதியை அவிழ்த்தார், அவித்த சிறுபயறு. எனக்குக் கொஞ்சம் தந்தார். மேலேயிருந்து இரண்டு சின்னக் கைகள் நீண்டன. பயறு என் தலையில் சிந்தி, காதின் ஓரமாக இறங்கியது. கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். ஒரு இடத்திலும் இறக்கவில்லை.

நடையில் போய் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. பகவதி பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கி, வழக்கம்போல நெற்றியில் புறங்கையை வைத்தாள். காற்றில் குளிர்ந்திருந்தது. பிறகு வழக்கம்போல என் வயிற்றைப் பார்த்தாள். அது ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே சுயம்புவைப் பார்த்தார்.

"கூட வந்திருக்கது ஆரு? ஒங்களுக்கு என்ன முறை?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சுயம்பு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விடை தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"முறையொண்ணும் இல்ல சாமி" என்றாள். "கூட்டாளியாக்கும்."